கயிற்றை விட்ட கை

சில்லு கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஓடையில் தட்டுக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "மாமா, உங்க வீட்டுல எனக்கு இடம் இருக்குமா?" அக்கா மகள், பதினொரு வயசுப் பிள்ளை. லீவுக்கு வந்துபோகக் கேட்கவில்லை என்பது அவள் தட்டைத் தேய்த்த தேய்ப்பிலேயே தெரிந்தது. நடை முடியட்டும், பார்ப்போம் என்றேன். பெரியவர்கள் தப்பிக்கிற வழி அது.

நாலு நாள் நடை. கடலோரமாகவே நடந்து, இருட்டினால் கூடாரம் அடித்துத் தூங்கி, நாலாம் நாள் படகுத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்பாடு முழுக்க அக்கா. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் முப்பது பேரை மேய்க்கிறவள். வரைபடத்தை வாங்கி, யார் எதைச் சுமப்பது என்று எழுதி, அவரவர் பையை அவளே மடித்துக் கட்டினாள். அவள் மடித்தால் சட்டைகூடச் செங்கல் மாதிரி இருக்கும்.

கிளம்பும்போது அவள் அத்தானுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த நாலு நாளும் கை நீட்டுவதில்லை என்று. அத்தான் இதை முதல் நாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அதுவரை எனக்கு விஷயம் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்றால் அதைவிடப் பெரிய அசிங்கம். அத்தான் பேக்கரியில் அடுப்படி ஆள். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு காயம் இருக்கும். தட்டு சுட்டது என்பார், கதவு இடித்தது என்பார். சில்லுவுக்கு முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருக்கும். படியில் விழுந்தாள் என்று சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் சிரித்து, சில்லு சில்லு என்று கூப்பிட்டு, கடைசியில் அதுவே பேராகிவிட்டது.

முதல் நாள் வாக்கு நின்றது. இரண்டாம் நாளும் நின்றது. மூன்றாம் நாள் விடிந்தபோது கேஸ் டப்பா காலி.

முந்தின நாள் டீ போட்டது அத்தான். திருகை இறுக்கி மூடவில்லை. விடியவிடியக் கசிந்து, காலையில் அக்கா அடுப்பைத் திருப்பினால் ஒன்றும் இல்லை. அவள் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். மணலில் நேராக வைத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அக்கா கத்தினால் பயமில்லை. இப்படிப் பேசும்போதுதான்.

அத்தான் கூடாரத்துக்குள் போனார். ஜிப்பு மூடியது. கூடாரத்துக்கு ஒரு உபரிக் கம்பி உண்டு, அலுமினியம், மடித்தால் ஒரு முழ நீளம். வெளியே நான் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முதல் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருந்தது. கூடாரத் துணி என் பக்கமாகப் புடைத்தது. ஒரு முழங்கை. அப்புறம் ஒரு முதுகு.

"எத்தனை. தடவை. சொல்லியிருக்கேன். உங்களுக்கு."

ஒரு வார்த்தைக்கு ஒரு அடி. அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள்.

சில்லு தன் ஷூவைக் கழற்றி மணலை உதறினாள். அதில் மணலே இல்லை. மறுபடி உதறினாள். என்னைப் பார்க்கவில்லை.

அத்தான் வெளியே வந்தபோது இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "கூடாரத்துக்குள்ள நிமிரக் கூடாதுங்கறதே மறந்துபோகுது மாப்ள. கம்பி போட்டுத் தாக்கிருச்சு."

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான், யாராவது சொன்னால் மற்றவர்கள் சிரித்துவிட வேண்டும்.

அந்தச் சிரிப்பை நான் சின்ன வயசிலேயே பழகியவன். அம்மா செத்து, அப்பா இன்னொரு வீடு தேடிப் போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயசு, எனக்கு ஏழு. அவள் படிப்பை விட்டுச் சலவைக்குப் போனாள். எனக்குச் சோறு போட்டாள், துணி வாங்கினாள், ஜுரம் வந்தால் விடியவிடிய உட்கார்ந்திருந்தாள். அடிக்கவும் செய்தாள். ஈரத் துண்டைக் கயிறாக முறுக்கி அடித்தால் தோல் கிழியாது, உள்ளே கன்னிப்போகும். அவள் கை மேலே போனதுமே நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்டையை மூடி, முழங்கையால் காதை அடைத்துக்கொள்வேன். கையில் என்ன இருந்தாலும் அப்படியே விழும். ஒருமுறை பால் பாத்திரம் விழுந்து, அதற்குத் தனியாக வாங்கினேன்.

வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் இதை நடித்துக் காட்டுவேன். ஆட்கள் புரையேறிச் சிரிப்பார்கள். அக்கா அடித்த அடியில்தான் மனுஷனானேன் என்று முடிப்பேன்.

கிளம்பவே தாமதமாகிவிட்டது. கடல் உள்வாங்கியிருக்கும்போதே கூழாங்கல் கரையைக் கடந்துவிட வேண்டும், அதற்குப் பத்து மணிக்குள் இறக்கத்துக்குப் போக வேண்டும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். வேகமாக நடந்தாள். சில்லுவின் பையையும் சேர்த்துத் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டாள். நடுவழியில் அத்தானின் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. அவரைப் பாறையில் உட்கார வைத்து, மண்டியிட்டு, அவர் காலைத் தன் தொடையில் ஏந்தித் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். வலிக்குதா என்று கேட்டாள். அவள் விரல்கள் அவ்வளவு மெதுவாக நகர்ந்தன. காலையில் நடந்ததைப் பார்க்காதவன் அந்த ஜோடிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பான்.

அப்புறம் கொஞ்ச தூரம் நானும் அவளும் முன்னால் நடந்தோம். தொண்டையில் நின்றதைத் துப்பினேன். சில்லு பார்க்கிறாள் அக்கா என்று ஆரம்பித்து, அத்தானுக்கும் வயசாகிறது என்று எங்கெங்கோ சுற்றினேன். அவள் நடையை நிறுத்தவில்லை. நான் கை நீட்டியிருக்காவிட்டால் இந்தக் குடும்பம் என்றைக்கோ தெருவில் நின்றிருக்கும் என்றாள். அந்த மனுஷன் தினமும் ஒன்றை மறக்கிறார், தினமும் நான்தான் நினைவு வைக்க வேண்டியிருக்கிறது என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன்னையும் அப்படித்தானே வளர்த்தேன். கெட்டா போயிட்ட?"

"இல்லக்கா," என்றேன்.

நாற்பது வயசு. இரண்டு ஆள் தூக்கும் குழாயை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன். தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

இறக்கத்துக்குப் போனபோது பதினொன்றரை. செங்குத்துப் பாறை, மூன்று மாடி உயரம் இருக்கும். இரும்பு ஏணி ஒன்று பாதி வரை இருந்தது, மீதியைக் கடல் தின்றிருந்தது. கீழே கூழாங்கல் கரை. தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு அலையும் பாறையில் மோதிப் பின்வாங்கும்போது கற்கள் எல்லாம் பல்லைக் கடிப்பது மாதிரி நறநறவென்று உருண்டன.

கயிறு என் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறேன். கட்டடம் ஏறுவதற்கு முன்னால் அதைச் சுற்றிக் குழாயும் பலகையுமாக ஒரு கூடு ஏறுமே, அதுதான் என் வேலை. எங்கள் வேலையில் குடிகாரனை மன்னிப்பார்கள், திருடனைக்கூட மன்னிப்பார்கள். பிடித்த கயிற்றை விட்டவன் மறுநாள் அந்த இடத்தில் நிற்க முடியாது. நான் ஒரு தடவைகூட விட்டதில்லை.

மேலே ஒரு இரும்புத் தூண் இருந்தது. கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றினேன், ஒரு நுனி இறங்குகிறவர் இடுப்பில், வால் நுனி என் கையில். வேலையிடமாக இருந்தால் வால் நுனியை இன்னொரு இடத்தில் முடிந்திருப்பேன். கை தவறினாலும் முடிச்சு பிடிக்கும். இங்கே கயிறு ஒரு கை நீளம் குறைந்தது. என் கைதான் இருக்கிறதே என்று முடியாமல் விட்டேன்.

சில்லு முதலில் இறங்கினாள், பூனைக்குட்டி மாதிரி. அடுத்து அக்கா. ஏணி முடிந்த பிறகும் பாறை இடுக்கில் கால் வைத்தே இறங்கினாள், கயிற்றுக்கு வேலையே வைக்கவில்லை. கீழே போய்க் கால் அகட்டி ஒரு பாறை மேல் நின்று மேலே பார்த்தாள்.

அத்தான் கடைசி. இடது கை வீங்கி மணிக்கட்டே தெரியவில்லை. ஏணிக் கம்பியைப் பிடிக்க முடியாது என்றார். நீங்க சும்மா தொங்குங்க அத்தான், நான் இறக்குறேன் என்றேன். மூட்டை மாதிரி என்னை இறக்குறியே மாப்ள என்று சொல்லிவிட்டு விளிம்பைத் தாண்டினார்.

மெல்ல மெல்ல விட்டேன். ஏணி முடிகிற இடமும் தாண்டிவிட்டது. இன்னும் ஒன்றரை மாடி.

அப்போது அக்காவின் கை மேலே போனது.

"டேய், நிறுத்து."

வலது கை, விரல் விரித்து, தோளுக்கு மேலே. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய அலை எழுந்து வந்துகொண்டிருந்தது. அத்தான் இறங்கவிருந்த இடத்தில்தான் அது விழும். அதனால்தான் நிறுத்தச் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது. அலையையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

உடம்பு அதையெல்லாம் கேட்கவில்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையும் மண்டை மேல். முழங்கை இரண்டும் காதில்.

தூணில் கயிறு சர்ரென்று ஓடியது. அந்த ஒரு சுற்று இழுத்துப் பிடித்ததால் நேராக விழாமல் உரசிக்கொண்டு போனார், அதனால் உயிர் தப்பியது. விழுந்த சத்தம் அலையில் அமுங்கிவிட்டது. கால் முறிந்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, காய்ந்த பலகையை மிதித்த மாதிரி.

நான் எட்டிப் பார்த்தபோது அலை அவரைப் புரட்டி எடுத்துக்கொண்டு போகிறது. பாறையில் ஒரு மோது, திருப்பி இன்னொரு மோது. தண்ணீரில் சிவப்பு பரவி, அடுத்த நுரையில் காணாமல் போகிறது. அக்கா பாய்ந்துவிட்டாள். சட்டைக் காலரைப் பிடித்தாள், அலை இருவரையும் சேர்த்து அறைந்தது. அவள் நெற்றி பாறையில் பட்டுப் பிளந்தது. பிடியை விடவில்லை. நனைந்த விரிப்பு மூட்டைகளை வருஷக்கணக்காக இழுத்த கை. பல்லால் தன் உதட்டையே கடித்துக்கொண்டு, பின்னோக்கி, ஒவ்வொரு அடியாக, அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டாள்.

போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இன்னும் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கை இன்னும் மண்டை மேலேயே இருந்தது. எடுக்க மறந்திருந்தேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அதைப் பாவாடையில் துடைத்தாள்.

ஏணியையும் பாறையையும் தொற்றி நான் இறங்கிப் போனேன். அத்தானின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. காலை அசையாமல் வைத்துக் கட்ட நேராக ஏதாவது வேண்டும். சில்லு பையைத் திறந்து அந்த உபரிக் கம்பியை எடுத்து நீட்டினாள். காலையில் அடித்த கம்பியை அத்தானின் காலோடு வைத்து, துண்டைக் கிழித்து அக்காதான் கட்டினாள். அவள் கட்டினால் அசையாது.

கரையின் மறுகோடியில் காவலர் குடிசை இருந்தது. பலகைச் சுவர், ஒரு கட்டில், ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு மருந்துப் பெட்டி. கரைக் காவலர் ஒரு பெண், ஐம்பது வயசிருக்கும், தனியாள். நானும் அக்காவும் அத்தானைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதும் படகுக்குச் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலால் அவர் சட்டையைக் கிழித்தார்.

கிழித்ததும் கத்தரி நின்றது.

தோளில் மஞ்சள். விலாவில் பச்சை. முதுகில் கம்பி அகலத்துக்கு வரிவரியாகச் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாரத்தது.

இதெல்லாம் இன்னைக்கு விழுந்ததில் வந்ததில்லையே என்றார் காவலர், யாரையும் பார்க்காமல். அத்தானுக்கு நினைவு போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் வாய் தயாராக இருந்தது. பேக்கரி வேலைங்க, தட்டு இடிக்கும் என்றார். இன்னைக்கு நானேதான் வழுக்கிட்டேன் என்றார்.

காவலர் நோட்டைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் வழுக்கிவிட்டார் என்று சொல்லியிருப்பேன். அது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. என் பக்கத்தில் சில்லு நின்றுகொண்டு ஷூவைக் கழற்றினாள். உதறுவதற்கு.

"நான் கயிறை விட்டுட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"அக்கா கை ஓங்குச்சு."

காவலருக்குப் புரியவில்லை. "அவங்க எங்க நின்னாங்க?"

"கீழ."

"நீங்க?"

"மேல. மூணு மாடி உயரத்துல."

காவலரின் பேனா நோட்டு மேல் அப்படியே நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், திரும்ப அக்காவைப் பார்த்தார்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. காலையில் கூடாரத்துக்குள் நடந்ததைச் சொன்னேன். கம்பியைச் சொன்னேன், அது இப்போது எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் சொன்னேன். பல்லைச் சொன்னேன். படியில் விழவில்லை இல்லையா என்று சில்லுவைக் கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அவள் கையைப் பிடித்தேன். சின்னக் கை, உப்பும் மணலுமாகச் சொரசொரத்தது.

"இடம் இருக்கு சில்லு. நேத்தே சொல்லியிருக்கணும்," என்றேன். அக்காவின் பக்கம் திரும்பினேன். "புள்ள என்கூட வர்றாக்கா."

அக்காவின் நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உனக்குச் சோறு போட்ட கைடா இது என்றாள், மெதுவாக. அந்தக் கை மேலே போனது.

என் முட்டி இரண்டும் மடங்கப் பார்த்தன. தோள் காதை நோக்கி ஏறியது. கை கிளம்பத் துடித்தது. அதற்குள் சில்லுவின் விரல்கள் இருந்தன.

அறை கன்னத்தில் விழுந்தது. காது கொய்யென்றது. இரண்டாவது அதே இடத்தில். மூன்றாவதுக்கு மோதிரம் பட்டு வாய்க்குள் ரத்தம் கரித்தது. நான் குனியவில்லை. கையை விடவில்லை. காவலர் நடுவில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. அக்கா தானாகவே நிறுத்தியிருந்தாள். நிமிர்ந்து நிற்கிற என்னை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆளைத் தவறுதலாக அடித்துவிட்டவள் மாதிரி முழித்தாள்.

பிறகு தன் பையை எடுத்து மாட்டினாள். வாரை இழுத்து இறுக்கினாள். கட்டிலைப் பார்க்காமல் வெளியே போனாள். வந்த வழியில் இல்லை. நாலாம் நாள் நடக்க வேண்டிய பக்கமாக, கடலோரமாகவே.

காவலர் வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டார். அந்தப் பாறை முனையைத் தாண்டினால் ஏறுவதற்கு வழி கிடையாது, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மூடிவிடும் என்று கத்தினார். அக்கா திரும்பவில்லை. வரைபடத்தில் அதையெல்லாம் சிவப்பு மையில் குறித்து வைத்ததே அவள்தான்.

கட்டிலில் அத்தான் கண்ணைத் திறந்தார். யாரையோ தேடினார்.

"அவ தனியாப் போறா மாப்ள," என்றார். "யாராவது கூடப் போங்க."

காவலரால் அத்தானை விட்டு நகர முடியாது. போவதென்றால் நான்தான். நான் நகரவில்லை. இப்போதுதான் பிடித்த கை இது, இதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நின்றேன். அந்த முனையில் அக்காவின் பை சின்னதாகிக்கொண்டே போனது. அவள் கணுக்கால் வரை ஏற்கெனவே தண்ணீர்.

சில்லுதான் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். அத்தானோடு சேர்ந்து கீழே விழுந்த என் கயிற்றை, எப்போது சுருட்டி வைத்தாளோ, பையிலிருந்து எடுத்து என் தோளில் மாட்டினாள்.

"போங்க மாமா. நான் அப்பாகிட்ட இருக்கேன்," என்றாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"அம்மா கை ஓங்கினா குனியாதீங்க."